கணக்கும் ஓர் அமானிதமே

 

 

இந்த ஜும்ஆவில் ஒரு கேள்வியைச் சேர்ந்து யோசிப்போம். ஓர் இன்ஜினியர் கணக்குப் போடுகிறார். இந்த அறையில் இவ்வளவு மருந்துதான் இருக்கலாம், அடுத்த ஷெட் இத்தனை மீட்டர் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறார். ஒருவர் அதை மீறுகிறார். ஆனால் விபத்து எதுவும் நடக்கவில்லை, யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அப்படியானால் அவர் மீறியது அரசாங்கத்தின் விதியை மட்டும்தானா? இல்லை, நாளை அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டிய ஒன்றைச் செய்துவிட்டாரா?

ஆனைக்குட்டத்தைச் சுற்றி இருக்கும் நமக்கு இது யாருடைய கேள்வியோ அல்ல. நம் ஊரில்தான் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் இருக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள ஆலைகளில் நம் அண்டை வீட்டார் வேலை செய்கிறார்கள். சரவெடியின் சத்தத்துக்கு அரசு வகுத்த விதியைப் பாருங்கள். தனி வெடிக்கு 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை அனுமதி. சரத்தில் கோர்த்தால், வெடிகளின் எண்ணிக்கைக்கு லாகரிதம் எடுத்து, அதை 5ஆல் பெருக்கி, அந்த அளவைக் குறைக்க வேண்டும். 100 வெடிச் சரம் என்றால் ஒவ்வொரு வெடிக்கும் 115 டெசிபல்தான். 2018ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கே தடை விதித்தது தனி விஷயம். கல்லூரி மாணவர் பரீட்சைக்குப் படிக்கும் கணக்கு, பக்கத்து வீட்டுத் தொட்டிலில் தூங்கும் குழந்தையின் காதைக் காக்கும் சட்டமாக மாறியிருக்கிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

இப்போது தூரத்தின் கணக்குக்கு வருவோம். 1915ல் பெர்ட்ரம் ஹாப்கின்சன் என்ற பிரிட்டிஷ் பொறியாளரும், 1926ல் கார்ல் கிரான்ஸ் என்ற ஜெர்மன் அறிஞரும் ஒரு விதியைச் சொன்னார்கள். வெடிப்பின் அழுத்தம் எவ்வளவு தூரம் வரை ஆளைத் தாக்கும் என்பது, வெடிமருந்து எடையின் கனமூலத்தைப் பொறுத்தது. உலகம் முழுவதும் வெடிமருந்துக் கிடங்குகளுக்கான பாதுகாப்பு தூரத்தை வகுப்பதில் இதுவே அடிப்படை. கனமூலம் என்றதும் மலைக்க வேண்டாம். இரண்டை மூன்று முறை வைத்துப் பெருக்கினால் எட்டு. ஆகவே மருந்து எட்டு மடங்கானால் தூரம் இரண்டு மடங்காக வேண்டும். இதையே திருப்பிப் பாருங்கள். இடம் போதவில்லை என்று ஒருவர் தூரத்தைப் பாதியாக்குகிறார். "தூரம் பாதி, அதனால் மருந்தையும் பாதியாக்கிவிட்டேன், சரியாகப் போச்சு" என்று அவர் நிம்மதியாக இருப்பார். உண்மையில் மருந்து எட்டில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும். வைக்கக்கூடிய அளவைப் போல் நான்கு மடங்கை அவர் வைத்திருக்கிறார். அவர் கெட்டவர் அல்ல, மனசாட்சி உள்ளவர்தான். ஆனால் அவருடைய மனசாட்சிக்குக் கனமூலம் தெரியாது.

அதனால்தான் நம் முன்னோர் கணக்கை உலக விஷயம் என்று ஒதுக்கவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தங்களின் இஹ்யா உலூமித்தீனில் மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயா என்று எழுதினார்கள். ஊரில் ஒருவருக்குமே தெரியாவிட்டால் ஊரே குற்றவாளி. அல்ஜீப்ராவுக்குப் பெயர் தந்த நூலை எழுதிய குவாரிஸ்மி, அதில் பெரும் பகுதியை வாரிசுப் பங்கீட்டுக்கே ஒதுக்கினார். ஒரு பின்னம் தவறினால் ஒரு யதீமின் சொத்து போய்விடும் என்ற கவலை அது. சொத்துக்கே இவ்வளவு என்றால் உயிருக்கு எவ்வளவு?

சரி, விபத்தே நடக்கவில்லை என்றால்? ஒருவரிடம் யதீமின் பணம் அமானிதமாக இருக்கிறது. அதை எடுத்துத் தன் சொந்த வியாபாரத்தில் போடுகிறார். நஷ்டம் வரவில்லை, ஒரு பைசா குறையாமல் திருப்பி வைத்துவிட்டார். யதீமுக்கு எதுவும் தெரியாது. அவர் செய்தது ஹியானத்தா இல்லையா? ஹியானத்துதான். தன்னுடையது அல்லாத ஒன்றைப் பணயம் வைத்த அந்த நிமிடமே அது ஹியானத்து ஆகிவிட்டது. ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் கிடக்கும் வெறும் நிலமும் அப்படித்தான். முதலாளியின் பட்டாவில் இருந்தாலும், அந்தக் காலி இடம் பக்கத்து ஷெட்டில் மருந்து அடைக்கும் பெண்ணின் ஹக். அதை எடுத்துக்கொள்பவர் அவளுடைய உயிரை, அவளைக் கேட்காமல், பணயம் வைக்கிறார்.

"இத்தனை வருஷமா இப்படித்தான் செய்றோம், ஒண்ணும் ஆகலையே" என்று சிலர் சொல்வார்கள். இதற்கும் கணக்கு பதில் சொல்கிறது. உதாரணத்துக்கு, ஒரு தவறான பழக்கத்தால் ஒரு நாளில் விபத்து நடக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று வையுங்கள். ஒரு நாளைக்கு அது ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். 300 வேலை நாட்களில் அது நூற்றுக்கு 26 ஆகிவிடும். 900 நாட்களில், அதாவது மூன்று வருடத்தில், நூற்றுக்கு 59. நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பது நாளைக்கு எந்தச் சாட்சியும் சொல்லாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்ததை நம் பகுதி மறக்கவில்லை. 40 பேர் அளவில் மரணித்தார்கள். அந்த ஆலையில் வேலையே பார்க்காமல், புகையைக் கண்டு உதவ ஓடி வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

"எல்லாம் கத்ரு" என்பது இன்னொரு பேச்சு. கத்ரை நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். ஆனால் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் போகும் வழியில், அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதைக் கேள்விப்பட்டதும், ஆலோசனை செய்து படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். தூரம் விட்டுக் கட்டுவதும் அல்லாஹ்வின் விதிக்குள்தான் இருக்கிறது. தூரத்தைத் திருடிவிட்டு, மய்யித்துக்குப் பக்கத்தில் நின்று கத்ரைப் பேசுபவர் தன் குற்றத்தை அல்லாஹ்வின் மீது போடுகிறார். அல்லாஹ் நம்மைக் காப்பாற்றட்டும்.

அதே நேரம், கணக்கு சரியாக இருந்தால் எதுவும் நடக்காது என்று நெஞ்சை நிமிர்த்துவதும் தவக்குல் ஆகாது. கணக்கு ஆபத்தைக் குறைக்கும், அழித்துவிடாது. கணக்கைச் சரியாகப் போட்ட பிறகும் கையேந்தி துஆ செய்ய வேண்டியவர்கள்தான் நாம்.

கடைசியாக, இன்ஜினியரிங் படித்த நம் பிள்ளைகளுக்கு. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவர் அதனால் வரும் சேதத்துக்குப் பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவாக்கியிருக்கிறார்கள். கணக்கைச் சரிபார்க்காமல் போடும் கையெழுத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும். அது பட்டாசு ஆலையோ, பாலமோ, பாய்லரோ, எதுவானாலும் சரி. "போட்டுக் கொடுப்பா, தீபாவளி ஆர்டர் நிக்குது" என்று முதலாளி சொல்லும் நாள் வரலாம். வீட்டில் கடன் இருக்கலாம், தங்கையின் கல்யாணம் இருக்கலாம். அப்போதும் கையெழுத்துப் போடாதீர்கள். ரிஸ்கு கொடுப்பவன் அந்த முதலாளி அல்ல.

இதை மிம்பரில் நின்று சொல்வது எளிது. வேலை போனால் அந்தப் பிள்ளை எங்கே போவான்? அவன் வீட்டு அடுப்பு அணையாமல் பார்ப்பது ஜமாஅத்தின் கடமை. பைத்துல்மாலில் அதற்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும், வேறு வேலை தேடிக் கொடுக்க நம்மில் வசதியுள்ளவர்கள் முன்வர வேண்டும். அவன் காப்பாற்றிய உயிர்கள் எந்த மதம், எந்தத் தெரு என்று பார்க்க வேண்டியதில்லை. அவர்கள் நம் அண்டை வீட்டார், அது போதும். ஹக்கைச் சொன்னவனைத் தனியே விட்டுவிட்டால், அடுத்த தவறான கையெழுத்தில் நமக்கும் பங்கு வந்துவிடும்.

வல்ல ரஹ்மான் நம் கைகளில் ஒப்படைத்த எல்லா அமானிதங்களையும், கணக்கு என்னும் அமானிதத்தையும், பேணி நடக்க அருள் புரிவானாக! ஆலைகளில் உழைக்கும் ஒவ்வொருவரையும் மாலையில் நலமாக வீட்டுக்குத் திருப்பி அனுப்புவானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.