அம்பில் பொறித்த பெயர்

கதைத் தலைவர் கையில் வில் இருப்பதேன்? துப்பாக்கி இல்லாததேன்? வகுப்பறையில் மாணவன் ஒருவன் இவ்வாறு வினவினால், "இராமன் காலத்தில் வெடிமருந்து ஏது?" என்று கூறி அமைந்துவிடுதல் எளிது. அவ்விடை பொய்யன்று; ஆயினும் நிறைவுடையது ஆகாது. வெடிமருந்தை நன்கறிந்த காலத்தாரும் தம் கதைத் தலைவர்க்குப் பழைய படைக்கலங்களையே வழங்கி வருகின்றனர். 1511இல் போர்த்துக்கீசியர் பீரங்கிகளோடு வந்து மலாக்காவைக் கைப்பற்றினர். எனினும் மலாய் மக்கள் போற்றும் வீரன் ஹங் துவாவின் பெயரோடு இணைந்து நிற்பது தாமிங் சாரி என்னும் கெரிஸே. 2008இல் அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் வெளியிட்ட 'தி ஹங்கர் கேம்ஸ்' என்னும் புதினம் வருங்கால உலகைக் காட்டுவது. அங்கும் தலைவி ஏந்துவது வில்லே. ஆகவே, இதன் காரணத்தைக் காலத்தில் தேடாமல் மனித உள்ளத்தில் தேடுதல் வேண்டும்.

முதற்காரணம் வெளிப்படையானது. வில்லின் ஆற்றல் அதனை வளைப்பவன் தோளிலிருந்து பிறக்கின்றது. துப்பாக்கியின் ஆற்றலோ மருந்தில் அடங்கிக் கிடக்கின்றது. மிதிலையில் வில்லை வளைத்தவன் சீதையை மணந்தான். பாஞ்சாலத்தில் குறியை வீழ்த்தியவன் திரௌபதியை மணந்தான். கிரேக்க நாட்டு ஒடிசியசும் தன் வில்லை நாணேற்றியே தான் இன்னானென்று மெய்ப்பித்தான். வல்வில் ஓரியின் புகழும் அவன் எய்த ஓர் அம்பின் வன்மையால் நிலைபெற்றது. துப்பாக்கியின் விசையை இழுப்போனைக் கண்டு, 'இவன் இன்னான்' என்று எவரும் அறிதல் அரிது. மேலும், வளைத்த வில்லை நெடும்பொழுது தாங்கி நிற்றல் இயலாது; தோள் சோரும். கொல்லக் கருதுவோன் அக்கருத்தின் சுமையைத் தன் உடலிலேயே உணர்கின்றான். குண்டேற்றிய துப்பாக்கியோ எவரையும் வருத்தாது ஆண்டுக் கணக்கில் சுவரில் சாய்ந்து கிடக்கும்.

ஆயின், இது கொண்டு வில்லை அறத்தின் படைக்கலம் எனப் போற்றிவிடலாமோ? ஆகாது. வில்லும் தொலைவில் நின்று கொல்வதே. ஹோமரின் காப்பியத்தில் வில்லாளனாகிய பாரிசு, நேர்நின்று பொராதவன் என இகழப்படுகின்றான். 1139இல் ரோமில் கூடிய திருச்சபைப் பேரவை, கிறித்தவர்க்கு எதிராக வில்லாளர் தம் கலையைக் கையாளலாகாதெனத் தடை விதித்தது. முயலை வீழ்த்திய அம்பினும் யானையைத் தவறவிட்ட வேலே இனிதென்பது வள்ளுவர் கருத்து. அன்று வில்லின்மேல் சாற்றிய பழியையே இன்று நாம் துப்பாக்கியின்மேல் சாற்றுகின்றோம். எனவே, வேறுபாடு தொலைவில் இல்லை.

வேறுபாட்டை அறியக் கம்பன் காட்டும் வாலி வதைக்குச் செல்வோம். மறைந்து நின்று எய்த அம்பு வாலியின் மார்பில் பாய்கின்றது. அவன் அதனைப் பற்றி இழுத்து, அதில் பொறித்துள்ள பெயரைப் படிக்கின்றான். எய்தவன் இராமன் எனக் கண்டதும் அவன் நாவிலிருந்து வினாக்கள் எழுகின்றன. இராமனும் அவன்முன் வந்து நின்று கேட்கின்றான், விடையும் கூறுகின்றான். அவ்விடை பொருந்துமோ பொருந்தாதோ என இன்றும் நம் பட்டிமன்றங்கள் வாதிடுகின்றன. வில் அங்கே பிழையைத் தடுக்கவில்லை. ஆனால் எய்தவன் முகம் மறைக்க இயலாதவாறு அம்பில் பெயர் இருந்தது. புறநானூற்றில் நெட்டிமையார் பாடும் பெருவழுதியின் படையும், அம்பு தொடுக்குமுன் பசுக்களையும் அந்தணரையும் பெண்டிரையும் பிணியுடையோரையும் புதல்வரைப் பெறாதோரையும் அரண் சேருமாறு அறிவித்தது. அறிவித்து எய்தலும் பெயர் பொறித்து எய்தலும் ஒரே அறத்தின் இரு கூறுகள்: 'செய்தவன் நானே' என்னும் ஒப்புகை.

இனி, நம் மண்ணை நோக்குவோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வும் மானமும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். துரையைக் கண்டதும் சைக்கிளினின்று இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டுமென்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிகள் முழங்கின, தொழிலாளர் சிலர் மாண்டனர். அக்குண்டுகளில் எவர் பெயரும் இல்லை. 1948 டிசம்பரில், இதே சிலாங்கூரின் பத்தாங் காலியில், பிரித்தானியப் படையினர் ஆயுதமற்ற சீனக் கிராமத்தார் 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். குடும்பத்தார் பல்லாண்டு வாதாடினர். 2015இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், பொது விசாரணை நடத்தும் சட்டக் கடமை அரசுக்கு இல்லையெனத் தீர்ப்பளித்தது. வாலி வீழ்ந்து கிடந்தும் வினவினான். எய்தவன் வந்து நின்றான். பத்தாங் காலியின் மக்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வினவியும் அவ்வாறு வந்து நிற்பார் இல்லை.

துப்பாக்கி ஏந்தியோர் யாவரும் அறமிலார் என்பது நம் கருத்தன்று. 1943இல் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கிப் பயிற்சி பெற்ற மலாயாத் தமிழ்ப் பெண்டிர் பலர் தோட்டப்புறங்களிலிருந்து சென்றவர்கள்; தம் பெயரும் முகமும் மறையாது நின்றவர்கள். அவர்தம் வீரம் எவ்வில்லுக்கும் தாழ்ந்ததன்று. மறைந்திருந்து எய்யும் நஞ்சம்பும் உண்டு. பொறுப்பேற்கும் துப்பாக்கியும் உண்டு. படைக்கலத்திற்கு அறமில்லை, ஏந்துவோர்க்கே அறம்.

எனில், கதைகள் வில்லைப் பற்றி நிற்பதேன்? கோதண்டம், காண்டீவம், தாமிங் சாரி எனப் பழைய படைக்கலங்களுக்குப் பெயருண்டு. தொழிற்சாலைத் துப்பாக்கிக்கோ எண் மட்டுமே உண்டு. செயலையும் செய்தவனையும் பிரிக்கலாகாது என்னும் மக்கள் வேட்கையே அப்பெயர்களில் வாழ்கின்றது. தீங்கு செய்தோன் பெயரறியப்பட்டு, வந்து நின்று விடை கூறும் உலகை நாம் நனவில் காணவில்லை. ஆதலின் அதனைக் கதையில் படைத்துக்கொண்டோம்.

ஆசிரியப் பெருமக்கள் இதனை மாணவர்க்கு உணர்த்துதல் நலம். நம் மாணவர் வில்லேந்தப் போவதில்லை. துப்பாக்கி ஏந்தவும் வேண்டா. ஆயின், சொல்லேந்துவார்கள். அன்று மொட்டைக் கடிதம் செய்த தீமையை இன்று கைப்பேசி நொடிப்பொழுதில் செய்து முடிக்கின்றது. பெயர் மறைத்து எறியும் சொல்லும் பெயரில்லாக் குண்டே. வாலி வதையைப் பாடமாக நடத்துங்கால், இராமன் செய்தது முறையா என்னும் வினாவோடு நில்லாது, 'நீ எய்யும் அம்பில் உன் பெயர் உளதா?' என்னும் வினாவையும் மாணவர்முன் வைப்போமாக.