உடன்பாடும் உரிமையும்

மனமொத்துச் செய்துகொண்ட ஒப்பந்தம் இருதரப்பினரையும் கட்டும் என்பது அறமும் சட்டமும் ஒருங்கே ஏற்ற உண்மையாகும். ஆயின், ஒருதரப்பே எழுதிவைக்க, மறுதரப்பு மாற்றமின்றி ஏற்கவேண்டிய நிபந்தனைகள், சட்டம் வழங்கிய உரிமைகளையும் அழிக்க வல்லனவா? இணையச் சந்தைகள் பெருகியுள்ள இக்காலத்தில் எழும் இவ்வினா மலையகத்துக்குப் புதியதன்று.

நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களில் முன்னர் 'துண்டு' முறை நிலவியது. கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதித்தரும் அச்சீட்டின்றிப் பிறதோட்டத்தில் வேலை பெறுதல் அரிது. கடனுக்கு அவர் இணங்கியிருந்தார் என்பதால் அம்முறை நியாயமாகிவிடவில்லை. 1921இல் சட்டம் அதனை ஒழித்தது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமோ, நிர்ணயித்த சம்பளத்திற்குக் குறைவாகப் பெறத் தொழிலாளி தாமே இணங்கினும் அவ்விணக்கம் செல்லாது என்றது.

இன்று நுவரெலியாவிலிருந்து இணையவழி தேயிலை விற்கும் சிறுவணிகரும் சந்தையின் நிபந்தனைகளுக்கு இணங்கியே நுழைகின்றார். தரகு, பொதியிடல் முதலியவற்றை வகுக்கும் உரிமை சந்தையை நடத்துவோர்க்கு உண்டு. ஆயின், காரணம் கூறாது கணக்கை மூடவும், விற்ற பணத்தை நிறுத்திவைக்கவும் அவ்விணக்கம் போதுமா? அவர் பல்லாண்டு ஈட்டிய நற்பெயர் அச்சந்தையிலேயே தங்கிவிடுதலால், வெளியேறும் வழி அவருக்கும் குறுகியதே.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய ஒழுங்குவிதி, விற்பனையாளரை நீக்கும் சந்தை அதற்கான காரணத்தைத் தெரிவிக்கவேண்டும் என்கின்றது. இலங்கையின் 1997ஆம் ஆண்டு நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டமும், பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனைகளுக்கு எல்லை வகுத்துள்ளது.

ஆதலின், நிபந்தனைகள் சட்டம் விட்டுவைத்த இடத்தினுள்ளேயே வலிமை பெறும். வேறுவழியற்றவர் அளித்த இணக்கத்தை உரிமை துறந்தமைக்குச் சான்றாகக் கொள்வது அறமாகாது.