யாருக்குப் பொருத்தமான காதடைப்பான்?

1989இல் வந்த மலேசிய இரைச்சல் விதிமுறைகள் தொழிற்சாலைகளுக்கானவை. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் வரை அனுமதித்தன. 2019 ஜூன் 1இல் அமலுக்கு வந்த புதிய விதிமுறைகள் எல்லையை 85க்கு இறக்கியதோடு தோட்டங்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டன. முதுகில் மிசினைச் சுமந்து புல் வெட்டுகிறவருக்கும் காது இருக்கிறது என்று சட்டம் கண்டுகொள்ள முப்பது வருடம் ஆகியிருக்கிறது. சரி, தாமதமானாலும் நல்லதுதான். என்னை உறுத்துவது வேறொன்று. தொழிலாளிக்குக் கொடுக்கும் காதுப் பாதுகாப்பு ‘பொருத்தமானதாக’ இருக்க வேண்டும் என்கிறோம். யாருக்குப் பொருத்தம்?

சிடாம் கிரி சாலையோரங்களில் குத்தகைக்குப் புல் வெட்டும் அண்ணன் ஒருவரை எனக்குத் தெரியும். மஞ்சள் நுரை அடைப்பான் ஒரு பாக்கெட் கொடுத்திருக்கிறார்கள். அவர் ஒரு காதில் மட்டும்தான் வைத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டேன்.

“ரெண்டு காதையும் அடைச்சிட்டா பின்னால லோரி வர்றது தெரியாது தம்பி. காது போனா மெதுவாத்தான் போவும். லோரி மோதினா அங்கயே கதை முடிஞ்சிரும்.”

பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறவர்கள் இதை அலட்சியம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு ஆபத்துகளை எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்திருக்கிறார். எடைபோடும் வேலையை அவர் தலையில் கட்டியது யார் என்பதுதான் கேள்வி.

பாக்கெட்டில் 29 என்று ஓர் எண் போட்டிருக்கும். 29 டெசிபெல் குறைக்கும் என்று பொருள், ஆனால் ஆய்வுக்கூடத்தில், அசையாமல் உட்கார்ந்திருப்பவர் காதில், நிபுணர் சரியாகப் பொருத்திய பிறகு. களத்துக்கு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை சொல்லும் கணக்கு கறாரானது: ஏழைக் கழி, மிச்சத்தைப் பாதியாக்கு. 29 என்பது 11 ஆகிவிடும். மிசின் 95 டெசிபெல் என்றால் காதுக்குள் 84. தப்பித்தோம், ஆனால் மயிரிழையில். அதுவும் நுரையை மெலிதாக உருட்டி, காதை மேலே பின்பக்கமாக இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை விரலால் பிடித்திருந்தால்தான். புல்லும் எண்ணெயும் ஒட்டிய விரலால் வெயிலில் நின்றுகொண்டு இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்ய முடியும்?

இன்னொரு கணக்கு இதைவிடக் கொடூரமானது. 30 டெசிபெல் குறைக்கும் கருவியை வேலை நேரத்தில் பாதி கழற்றி வைத்தால், மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு வெறும் 3 டெசிபெல்தான். டெசிபெல் நம் வாய்ப்பாட்டில் ஏறுவதில்லை. மூன்று கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். ஆகவே பாக்கெட்டில் உள்ள எண் பெரிதாக இருப்பதைவிட, கழற்றத் தோன்றாமல் இருப்பதுதான் முக்கியம். அதிகமாக அடைத்தாலும் ஆகாது. உள்ளே 70க்கும் கீழே இறங்கினால் எச்சரிக்கை மணியும் கேட்காது, பக்கத்தில் இருப்பவர் பேச்சும் கேட்காது. மனிதன் தனித்துப்போவான், எடுத்து வீசுவான்.

காதுக்குள் ஒலியை வாங்கும் மயிரணுக்கள் சுமார் 15,000. செத்தால் முளைப்பதில்லை, வலிப்பதும் இல்லை. முதலில் போவது உயர்ந்த ஒலிகள். ‘காசு’ என்றாலும் ‘காது’ என்றாலும் ஒன்றுபோலக் கேட்கும். “கேக்குது, என்னா சொல்றாங்கன்னுதான் புரியல” என்பார்கள். வீட்டில் அதற்குத் ‘திமிரு’ என்று பெயர். வெனிஸ் நகரில் செம்பு தட்டுகிறவர்கள் செவிடாகிப்போவதை மருத்துவர் ராமசினி பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். மனிதகுலத்துக்குத் தெரியாமல் நடந்த சேதம் இல்லை இது.

‘அவன் காது, அவன்தானே பார்த்துக்கணும்’ என்று கேட்கலாம். இதில் பாதி நியாயம் உண்டு. கொடுத்ததை அணிவது தொழிலாளியின் கடமை என்று சட்டமும் சொல்கிறது. ஆனால் அதே சட்டம் இரைச்சலைப் பிறக்கும் இடத்திலேயே குறைக்கப் பார் என்கிறது. முதலில் பழைய மிசினை மாற்ற வேண்டும், தேய்ந்த சைலன்சரைக் கழற்றி எறிய வேண்டும், ஆளை மாற்றி மாற்றி விட வேண்டும். காதடைப்பான் கடைசியில் வருவது. குத்தகையில் அதுவே முதலும் முடிவுமாக இருக்கிறது, மலிவு என்பதால். சில காசுக்கு ஒரு நுரைத்துண்டைக் கொடுத்து முதலாளியின் கடமை தொழிலாளியின் காதுக்குள் இறக்கி வைக்கப்படுகிறது. பிறகு காது போனால், ‘கொடுத்தோமே, போட்டானா?’ சொக்சோவில் பெயரே இல்லாத ஆளுக்கு அதற்குமேல் பேச இடமில்லை.

அண்ணனுக்கு எது பொருத்தம்? தலையணியோடு சேர்ந்த காதுமூடி நல்லது, எண்ணெய் விரலைக் காதுக்குள் விட வேண்டியதில்லை. ஆனால் கெடா வெயிலில் உள்ளே வேர்வை ஊறும். தாழ்ந்த ஒலியை விட்டு, பெரிய சத்தத்தை மட்டும் தடுக்கும் மின்னணு மூடிகளும் உண்டு, விலைதான் கூடுதல். எதை வாங்கினாலும் சாலையில் கொடி பிடித்து லோரியைப் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளமும் காதுப் பாதுகாப்புச் செலவில்தான் சேர்த்தி என்பது என் கட்சி. மூன்று நான்கு வகையைக் கொண்டுவந்து ஒரு வாரம் வேலையிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லலாம். மிசின் ஓடும்போது பின்னால் தள்ளி லோரியை நிறுத்தி ஹார்ன் அடிக்கலாம். கேட்டதா இல்லையா என்று அவர் சொல்லட்டும்.