யாருக்குச் சொல்வது?

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க டீச்சர்." ஹட்டன், நுவரெலியா பக்கத் தோட்டப் பாடசாலையில் மனமுடைந்த பிள்ளை ஒன்று வாய் திறந்தால், கூடவே இந்த வேண்டுகோளும் வரும். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று சொன்ன பிள்ளைக்கு இந்த வாக்கைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம் என்பவர்களிடம் வலுவான நியாயம் இருக்கிறது. மனமுடைந்தவர்களுக்குச் செவிகொடுத்து 1974 முதல் இலங்கையில் இயங்கும் சுமித்ரயோ அமைப்பே இரகசியம் காக்கப்படும் என்ற உறுதியின் மேல்தான் நிற்கிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் அந்த உறுதிக்கு இன்னும் மதிப்பு. ஒரு காம்பராவில் அழுதால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். விடிந்தால், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அதுவே பேச்சு. பெண் பிள்ளை என்றால் இல்லாத காதல் கதையும் முளைத்துவிடும். தற்கொலை முயற்சி 1998 வரை இந்நாட்டில் குற்றமாக இருந்தது. சட்டம் மாறியும் பயம் முற்றாக விடவில்லை. வைத்தியசாலையில் "தெரியாமக் குடிச்சிருச்சு" என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

ஆனாலும் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த பிறகு அந்த வாக்கைக் கொடுக்கக்கூடாது. காரணம் இந்நாட்டின் அனுபவத்திலேயே இருக்கிறது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 அளவில் இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளை அரசு தடைசெய்தது. பத்து ஆண்டில் வீதம் ஏறத்தாழப் பாதியானது. அந்தப் பத்து ஆண்டில் மக்களின் துயரம் பாதியாகிவிடவில்லை. யுத்தம், வறுமை, குடி எல்லாம் இருந்தன. பலருக்குச் சாக வேண்டும் என்ற வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. அதற்குள் கைக்கு எட்டியது முன்போலக் கொடியதாக இல்லாததால் பிழைத்தார்கள். பூச்சிகொல்லியைப் பூட்டிவைக்க வீடுகளுக்குப் பெட்டி கொடுத்து அநுராதபுரத்தில் நடத்திய பெரிய ஆய்வு பலன் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெட்டியை நம்பி இருக்க முடியாது. அந்தச் சில மணி நேரம் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். பாடசாலை விட்டதும் டீச்சர் பஸ் ஏறிவிடுவார். இரவு லயத்தில்தான் கழியும். ஆகவே லயத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் உண்மையான அறச் சிக்கல். குடித்துவிட்டு வரும் அப்பாவா? குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கும் அம்மாவா? அவளுக்கு நடுராத்திரியில் போன் போட்டுச் செய்தியைச் சொல்லிவிட்டு வைப்பது உதவியல்ல, பாரத்தை இறக்கிவைப்பது. வீட்டிலேயே ஒருவரால் பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்றால் அந்த வீட்டுக்குச் சொல்வது பாவம். அப்போது போக வேண்டிய இடம் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை. மற்றபடி, தெரிவைப் பிள்ளையிடமே விடலாம்: "கட்டாயம் ஒருத்தருக்குச் சொல்லணும், யாருக்குச் சொல்லட்டும்?" அம்மாயியா, பெரியம்மாவா, அண்ணனா, அது சொல்லும். ஆபத்தை மட்டும் சொன்னால் போதும்; கடிதமும் காதலும் பிள்ளையின் சொந்த விஷயம். பிள்ளைக்குத் தெரியாமல் சொல்வதோ துரோகம்.

இத்தனையையும் ஒரு டீச்சரின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. தமிழில் பேசும் உளவளத்துணையாளர் தோட்டப் பாடசாலைகளுக்கு வந்தே ஆக வேண்டும். கல்வித் திணைக்களத்திடம் பெற்றோர் இதைக் கேட்க வேண்டும். அதுவரை, இரவில் தனியாக மாட்டிக்கொள்பவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926ஐ அழைக்கலாம். பிள்ளைக்கு வீட்டில் கொடுமை என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929.