ஆணை எனும் கவசம்

"மேலிடம் ஆணையிட்டது, நான் பணிந்தேன்!" கொலைஞன் கூண்டிலேறியதும் தேடி எடுத்து மாட்டிக்கொள்ளும் கவசம் இது. 1945-இல் நூரம்பர்க் மன்றத்தில் நின்ற நாஜிக் கூட்டத்தார் இதனைத்தான் நம்பினர். மாந்த குலத்துக்கு எதிரான குற்றம் எதுவென வரையறுத்த அம்மன்றத்தின் சாசனமோ, ஆணை தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தைப் போக்காது என்று முன்னரே எழுதிவைத்திருந்தது.

வென்றவன் தோற்றவனுக்கு வழங்கிய நீதிதானே என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. இருக்கட்டும். ஒரு நாடு தன் படையினரையே கூண்டிலேற்றிய இடத்தில் அக்கவசம் என்ன ஆயிற்று?

கஃபர் காசிம், அன்று இஸ்ரேலில் அரபு மக்கள் வாழ்ந்த சிற்றூர். 1956 அக்டோபர் 29, சூயஸ் போர் மூண்ட நாள். மாலை 5 மணி முதல் ஊரடங்கு, மீறுவோரைச் சுடுக! இது எல்லைக் காவல் படைக்குக் கிடைத்த ஆணை. ஊர்த்தலைவருக்குச் சேதி எட்டியதோ 4.30 மணிக்கு! வெளியூரில் வியர்வை சிந்திக்கொண்டிருந்த உழைப்பாளிக்கு அரைமணி நேரத்தில் எவர் சொல்வது, எப்படிச் சொல்வது? மிதிவண்டியிலும் பிற வண்டிகளிலும் வீடு திரும்பினர், நிறுத்தினர், சுட்டனர். பெண்டிரும் பிள்ளைகளும் உட்பட 40-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இளைஞர்களே, இதனைக் கேளுங்கள்: அதே ஆணை, அதே மாலையில் அண்டை ஊர்களிலும் இருந்தது. அங்கே அதிகாரிகள் சிலர் சுடவில்லை. வந்தவரை வீடு போகவிட்டனர். அவர்களுக்கும் கையிலே துப்பாக்கி இருந்தது, தலைக்கு மேலே தலைவன் இருந்தான். 'ஏன்?' என்று உள்ளம் கேட்டது, விரல் நின்றது.

1958-இல் நீதிபதி பெஞ்சமின் ஹலேவி தீர்ப்பளித்தார். அப்பட்டமான சட்டமீறலான ஆணையின்மீது கருங்கொடி பறக்கிறது. அதைக் காணாதவன் குருடனாக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். எண்மர் குற்றவாளிகள்; 7 முதல் 17 ஆண்டு வரை சிறை. அப்பழுக்கற்ற தீர்ப்பு!

பிறகு? முறையீடு குறைத்தது, படைத்தலைமை குறைத்தது, குடியரசுத் தலைவரும் குறைத்தார். 1960-க்குள் அனைவரும் வெளியே! படைப்பிரிவின் தலைவர் ஷத்மிக்கு விதித்த அபராதமோ 10 புருட்டா, செல்லாக்காசுக்குச் சற்றே மேல். சட்டம் தளரவில்லை; 'நம் பிள்ளைகள்' என்ற பாசம் அதன் கையைப் பிடித்திழுத்தது. அயலான் செய்தால் கொடுமை, நம்மவன் செய்தால் கடமை என்று கருதும் மனத்தை எந்தச் சாசனம் திருத்தும்?

1961-இல் அதே ஹலேவி, மற்றுமிருவரோடு அமர்ந்து ஐக்மனை விசாரித்தார். ஆணைக்குப் பணிந்தேன் என்ற அவன் வாதம் எடுபடவில்லை, 1962-இல் தூக்கிலேறினான்.

கஃபர் காசிம் மக்கள் ஆண்டுதோறும் அக்டோபர் 29 அன்று மாண்டோரை நினைந்து ஊர்வலம் செல்கின்றனர். அப்படுகொலையை அரசு முறைப்படி ஒப்புக்கொள்ளவேண்டும் என்ற மசோதாவை 2021-இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் தோற்கடித்தது.