கட்டணம் தருபவரும் குடியிருப்பவரும்

பெங்களூரு கோரமங்கலாவை ஒட்டிய ஈஜிபுராவில், பொருளாதாரத்தில் நலிந்தோருக்காக 1990-களின் தொடக்கத்தில் ஒரு குடியிருப்பு எழுந்தது. மொத்தம் 1,512 வீடுகள். கட்டுமானத்தின் தரம் மோசம். 2003-இலும் 2007-இலும் அடுக்குகள் இடிந்து விழுந்தன. வீடிழந்தவர்கள் அதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டுப் புது வீட்டுக்காகக் காத்திருந்தார்கள். 2013 ஜனவரியில் புல்டோசர்கள் அந்தக் கொட்டகைகளையும் நொறுக்கின.

மாநகராட்சியின் திட்டம் இதுதான்: சுமார் 15 ஏக்கரில் ஏறத்தாழப் பாதி, வணிக வளாகத்துக்காக மேவரிக் ஹோல்டிங்ஸ் நிறுவனத்துக்கு, மீதியில் அந்நிறுவனமே ஏழைகளுக்கு வீடு கட்டித் தர வேண்டும்.

இத்தகைய திட்டங்களை நம்பி இன்று ஓர் ஆலோசனைத் தொழிலே வளர்ந்திருக்கிறது. 2005-இல் வந்த ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில், விரிவான திட்ட அறிக்கை இல்லாமல் மத்திய நிதி கிடைக்கவில்லை. 2015-இல் பிரதமர் வீட்டு வசதித் திட்டமும் சேர்ந்துகொண்டது. கட்டடக்கலையும் நகரத் திட்டமிடலும் படித்த இளைஞர்கள், ஏழைகளுக்கு வீடு கிடைக்க வேண்டும் என்ற உண்மையான ஆசையோடுதான் பெரும்பாலும் இந்த வேலைக்கு வருகிறார்கள். ஆனால் அறிக்கைக்குக் கட்டணம் தருவது அரசு அல்லது கட்டுமான நிறுவனம். அந்த வீட்டில் வாழப்போகிறவர் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே இல்லை. ஆலோசகர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

தனியார் கூட்டையே குற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. விழக் காத்திருக்கும் கட்டடத்தில் குடும்பங்களை விட்டுவைக்கக் கூடாது. திரும்பக் கட்ட மாநகராட்சியிடம் பணம் போதாமல் இருக்கலாம். நகரின் நடுவே இருக்கும் நிலத்தின் விலையைக் கொண்டே வீடுகளுக்குப் பணம் திரட்டுவது கணக்கில் சரியாகவே வரும்.

சிக்கல், கணக்கில் எழுதாமல் விடப்படுவதில் இருக்கிறது. ஈஜிபுராப் பெண்களில் பலர் கோரமங்கலா வீடுகளில் வேலை செய்தவர்கள். நடந்தே போய்வரும் தூரம். வெளியேற்றப்பட்டவர்களில் பலர் நகரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டபோது அந்த வருமானமும் போனது. ஆண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தூரமானது. முதலில் ஒதுக்கீடு பெற்றவர்களுக்கு மட்டுமே உரிமை என்றானதால், பல ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. பத்தாண்டு கழிந்தும் காத்திருப்பு முடியாதவர்கள் உண்டு. இந்த இழப்புகளை விட்டுவிட்டுத் திட்டம் லாபகரமானது என்று எழுதும் ஆலோசகர், முடிவெடுத்தது நான் அல்ல என்று விலகிக்கொள்ள முடியாது. முடிவெடுத்தவர் பார்த்தது அவர் தந்த கணக்கைத்தான்.

அமெரிக்கத் திட்டமிடலாளர் பால் டேவிடாஃப் 1965-இலேயே, வழக்கறிஞர் கட்சிக்காரருக்காக வாதாடுவதுபோல் திட்டமிடலாளர்கள் வலுவற்ற மக்களின் பக்கம் நின்று வாதாட வேண்டும் என்றார். உயர்ந்த எண்ணம்தான், ஆனால் சம்பளம் யார் தருவது? மறுத்து வெளியேறினால் வேறொரு நிறுவனம் கையெழுத்துப் போடும் என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆகவே உள்ளே இருப்பது தவறில்லை. மாற்றுக் குடியிருப்பு தயாராகும் முன் இடிக்கச் சொல்லும் அறிக்கையில் கையெழுத்திடுவதே தவறு.

மாற்று தயாராகும்வரை இடிக்காமல் இருப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பவர்கள் புனேயின் எரவாடாவைப் பார்க்கலாம். அதே 2005 திட்டத்தின் நிதியில், ஸ்பார்க், மகிளா மிலன் அமைப்புகளும் கட்டடக் கலைஞர்களும் குடிசைக்காரர்களோடு உட்கார்ந்து வரைபடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். உறுதியான வீடுகளைத் தொடவில்லை. தளர்ந்தவற்றை அந்தந்த இடத்திலேயே ஏறத்தாழ 270 சதுர அடியில் திரும்பக் கட்டினார்கள். தெருவும் அண்டை வீடும் மாறவில்லை. வேலை மெதுவாக நடந்தது. வீட்டுக்கு வீடு பேச வேண்டியிருந்தது. திட்டச் செலவில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் வாங்கும் நிறுவனத்துக்கு இவ்வளவு நேரம் கட்டுப்படியாகாது. அப்படியானால் மாற வேண்டியது கட்டண முறை. வாடகைக்கு இருந்தவர்களையும் சேர்த்துக் கணக்கெடுத்து, காத்திருக்கும் ஒவ்வொரு மாதத்தின் வாடகையையும் திட்டச் செலவில் எழுதி, ஆலோசகரின் கடைசித் தவணையைக் குடும்பங்கள் குடியேறிய பிறகே தருவது என்று ஒப்பந்தத்தில் சேர்க்க எந்தச் சட்டமும் தடையில்லை.