நாவின் வாய்மை: முதிர்ந்த பிரெஞ்சுத் திராட்சை மதுவின் சுவையுரைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

பல்லாண்டு முதிர்ந்த பிரெஞ்சுச் செந்திராட்சை மதுவை ஒரே குப்பியிலிருந்து அருந்தும் இருவர், வேறு வேறு சுவைகளைக் கூறுதல் இயல்பு. ஒருவர் பதனிட்ட தோலின் மணம் என்பார்; மற்றவர் உலர்ந்த புகையிலையின் மணம் என்பார். இருவர் கூற்றும் மெய்யாதல் கூடுமா? சுவைபற்றிய கூற்றுக்கு வாய்மை என்பதொன்று உண்டா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மது அருந்துதல் தகுமா என்பது வேறு வினா. அதற்குத் திருவள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் விடை கூறியுள்ளார். ஈண்டு ஆராயப்படுவது சுவைத்தவர் தம் சுவையை உரைக்கும் முறையே.

சுவையும் பொருளும்

சுவை அவரவர் நாவைப் பொறுத்தது, அதில் மெய் பொய் இல்லை என்பது பொதுவான கருத்து. இக்கருத்து முழுமையானதன்று. போர்தோ பகுதியின் சிவப்பு ஒயின் முதிருங்கால், டானின் என்னும் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து பெருகி, ஒரு பகுதி வண்டலாகப் படியும், துவர்ப்பு மென்மையுறும், ஊதா கலந்த செந்நிறம் செங்கல் நிறமாகும், பழமணம் தணிந்து தோல், புகையிலை, தேவதாரு, காய்ந்த சருகு ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் எழும். ஆதலின் சுவையுரைக்குப் பொருளிடத்தே அடிப்படை உண்டு எனலாம்.

டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட சுவையின் அளவுகோல் பற்றிய கட்டுரையில், செர்வாண்டஸின் புதினத்திலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கின்றார். ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்த இருவருள் ஒருவர் தோற்சுவை என்றார். மற்றவர் இரும்புச்சுவை என்றார். ஊரார் நகைத்தனர். பீப்பாய் வெறுமையானபோது அடியில் தோல்வார் கட்டிய திறவுகோல் கிடைத்தது. முரண்பட்டவை போல் தோன்றிய இரு கூற்றும் ஒரே பொருளின் இரு கூறுகளாயின.

சங்கப் புலவரும் தேறலும்

முதிர்ந்த மதுவை உவமையால் உரைத்தல் தமிழுக்குப் புதியதன்று. ஔவையார் நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டிய கடுப்போடு ஒப்பிடுகின்றார் (புறம். 392). சிறுபாணாற்றுப்படை சினந்த பாம்பைக் காட்டுகின்றது. பிரெஞ்சு மரபினர் மது எதனை ஒத்துள்ளது என்று கூற, தமிழ்ப் புலவர் அது பருகியவரிடத்து என்ன செய்தது என்று கூறினர். தொல்காப்பியர் உவமைக்கு வகுத்த வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் இவ்வுவமைகள் வினையும் பயனும் பற்றியன எனக் கொள்ளலாம்.

யவனர் கலத்தில் கொணர்ந்த மதுவையும் நக்கீரனார் தேறல் என்றே பாடினார் (புறம். 56). பொருள் கடல் கடந்து வந்தது, சொல் இந்நிலத்தது. இது கருதத்தக்கது.

நினைவும் நாவும்

சுவையுரை நினைவிலிருந்தே பிறக்கின்றது. பெங்களூரில் தமிழர் பலர் வாழும் நீலசந்திரா போன்ற பகுதியில் வளரும் ஒருவருக்குத் திராட்சை என்றதும் நினைவில் எழக்கூடியது, 2013இல் புவிசார் குறியீடு பெற்ற ‘பெங்களூர் புளூ’ திராட்சையின் மணமாகும். அமெரிக்கக் கொடியினக் கலப்புடைய இவ்வகைத் திராட்சையின் மணத்தை ஐரோப்பிய மரபில் பயின்றோர் நரிமணம் என இழித்துரைப்பர். அவர் போற்றும் பிளாக்கரண்ட் பழமோ நம் சந்தைகளில் அரிது. அப்பழத்தை அறியாதவர் பிரெஞ்சு மதுவில் நாவற்பழத்தையோ வெற்றிலையையோ உணர்வாராயின், அது நாவின் குறையாகாது. தம் நினைவினின்று பெற்ற சான்றாகும். அறியாத பழத்தின் பெயரை அவர் இரவல் பெற்று உரைப்பதே குறையாகும்.

வாய்மையின் இடம்

தன் நெஞ்சம் அறிந்ததற்கு மாறாகப் பொய் கூறலாகாது என்பது வள்ளுவர் நெறி (குறள் 293). இரவற் சொல்லை உரைப்பவர் இந்நெறியினின்று வழுவுகின்றார். ஆயின் நெஞ்சமே மயங்கினால் என் செய்வது? 2001இல் வெளியான ஆய்வொன்றில் மோரோ, புரோஷே, துபூர்தியே ஆகியோர், மணமற்ற செஞ்சாயம் கலந்த வெள்ளை ஒயினைப் போர்தோவில் ஒயினியல் பயின்ற 54 மாணவர்க்கு வழங்கினர். மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை உரைத்தனர். அவர்கள் பொய் கூறினாரல்லர். கண் கண்டதை மூக்கும் நம்பியது. நிறம் இவ்வாறு மயக்குமாயின், குப்பியின் பெயரும் விலையும் ஆண்டும் மயக்குதல் அரிதன்று. எனவே சுவையுரைப்பவருக்குப் பொய்யாமை மட்டும் போதாது. மயக்குவனவற்றை முன்னரே விலக்கும் விழிப்பும் வேண்டும். பெயர் மறைத்துச் சுவைக்கும் வழக்கம் இவ்வகையில் ஓர் அறவொழுக்கமாகவே அமைகின்றது.

முடிவுரை

சுவைபற்றிய கூற்றுக்கு வாய்மை உண்டு. அது பொருளுக்கும் நாவுக்கும் ஒருங்கே கடன்பட்டது. உவமைகள் வேறுபடுதல் அவ்வாய்மைக்கு இழுக்கன்று. நினைவுகள் வேறுபடுவதால் அவ்வேறுபாடு இயல்பே. பிறர் சொல்லையும் பொருளின் புகழையும் தம் சுவையெனக் கொள்ளுதலே இழுக்காகும். மதுவுக்குக் கூறிய இது நூலைச் சுவைத்து மதிப்புரைப்போர்க்கும் பொருந்தும்.